வீட்டு முற்றத்தில் ஸ்டீயரிங் வேலை பார்ப்போர்க்கு ஒரு திறந்த மடல்

தம் காரைத் தாமே பழுதுபார்க்கும் குமரி மாவட்டத்து அன்பர்களுக்கு,

தோவாளை முதல் விளவங்கோடு வரை நம் மாவட்டத்து வீடுகளில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் முற்றத்துத் தென்னை நிழலில் ஒரு பழம்பாயை விரித்து, கைபேசியை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, தம் காரைத் தாமே பழுதுபார்க்கும் வழக்கம் பெருகிவருவதைக் கண்டு நான் உள்ளபடியே மகிழ்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்றுவதில் தொடங்கி, பிரேக் பேடு வரை முன்னேறி, இப்போது ஸ்டீயரிங்கைச் சேர்ந்த 'டை ராடு எண்டு' என்னும் உறுப்பை மாற்றுவதற்கும் உங்களிற் பலர் துணிந்துவிட்டீர்கள். இந்தக் கடைசி வேலையைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஸ்டீயரிங்கில் வீட்டுக்காரன் கை வைப்பதே அபாயம் என்று வொர்க்‌ஷாப்காரர்கள் சொல்லுகிறார்கள். இரண்டு நட்டுகளைக் கழற்றி மாட்டும் அற்ப வேலைதானே என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. வலிமையையும் சாமர்த்தியத்தையும்விட, அவசரப்படாத கவனத்தையே இந்த வேலை அதிகமாகக் கேட்கிறது என்பதும், வாசலில் நான்கு வண்டிகள் காத்து நிற்கும் வொர்க்‌ஷாப்பில் கிடைக்காத அந்த அவகாசம் உங்கள் முற்றத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதும், ஆகவே அவகாசம் உடைய நீங்கள் இவ்வேலையில் எந்தக் குறுக்குவழியையும் நாடுவதற்கு நியாயமே இல்லை என்பதும் என் துணிபு. அதனை விரித்துரைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நம் பகுதியில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில், 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 உட்பட, ஸ்டீயரிங் அமைப்பு ஒரே கிரமத்தில் அமைந்ததுதான். நீங்கள் சுற்றும் வளையம் ஒரு தண்டைத் திருப்ப, அதன் முனையிலுள்ள சிறு பல்சக்கரம், குறுக்கே கிடக்கும் பல்வெட்டிய 'ராக்' என்னும் இரும்புத் தண்டை இடமும் வலமுமாக நகர்த்த, ராக்கின் இரு முனைகளிலிருந்தும் புறப்படும் டை ராடுகள் அந்த நகர்வைச் சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. அவ்வாறு கொண்டுசேர்க்கும் கடைசி இடத்தில், சக்கரத்தோடு இணைந்த கரத்தில் பொருந்தியிருக்கும் மூட்டுதான் டை ராடு எண்டு. நம் தோள்மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை அமர்ந்து எல்லாத் திசையிலும் அசையக்கூடியது அது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், திசை திருப்பும் ஆற்றல் தடையின்றிச் செல்ல வேண்டுமானால், அங்கே இத்தகைய மூட்டுத்தான் வேண்டும்.

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு திரும்பினால் போதாது; உட்பக்கத்துச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால் அது சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிகளின் காலத்திலேயே மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் இந்த உண்மையை ஓர் அமைப்பாக வடித்தார். அவர் சார்பில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் வண்டிகளில் இருப்பதும் அடிப்படையில் அதே கணிதம்தான். மூட்டில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் உண்டாகிவிட்டால், அந்தக் கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும் சக்கரம் அதற்குக் கட்டுப்படாது.

இனி, இந்த மூட்டு நம் மாவட்டத்தில் ஏன் விரைவில் தேய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் தேய்ந்ததை மாற்றுகிறவர் தேய்ந்த காரணத்தை அறியாவிட்டால், புதிதாக மாட்டுவதும் அதே கதியை அடையும். உருண்டையும் கிண்ணமும் கிரீஸில் தோய்ந்து, ஒரு சிறு ரப்பர் உறையினால் மூடப்பட்டிருக்கின்றன. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் அவ்வப்போது கிரீஸ் ஏற்றும் வழக்கம் இருந்தது. இன்றைய மூட்டுகளோ நிரந்தரமாக அடைக்கப்பட்டவை, தொழிற்சாலையில் இட்ட கிரீஸே அவற்றின் ஆயுள் முழுமைக்கும் உரியது. ஆகவே மூட்டின் உயிர் அந்த ரப்பர் உறையிலேதான் இருக்கிறது. உறையில் ஒரு வெடிப்பு விழுந்தால் நீர் புகுகிறது, நீரோடு மணல் புகுகிறது, கிரீஸ் கழுவப்பட்டுப் போகிறது, பளபளப்பாக இருந்த உருண்டை துருப்பிடித்துச் சொரசொரப்பாகிறது, அந்தச் சொரசொரப்பு கிண்ணத்தை அரைக்கிறது, அரைந்த இடத்தில் ஆட்டம் பிறக்கிறது.

நம் மாவட்டமோ ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறும் பாக்கியம் உடையது. வயலுக்கும் குளத்துக்கும் பாக்கியமாகிய அது, ரப்பர் உறையில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்ட வண்டிக்கு இருமுறை வரும் சோதனையாகிவிடுகிறது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலோரத்தில் வாழும் அன்பர்களின் வண்டிகளை உப்புக்காற்று ஓயாமல் அரிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று புழுதியைச் சுமந்துவருகிறது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியைப் போல வளைவு மிகுந்த சாலைகளில் ஸ்டீயரிங் ஒரு கணமும் ஓய்வதில்லை. ரப்பர் பால் வெட்டும் அந்தப் பக்கத்து அன்பர்களுக்கு, வெயிலிலும் காற்றிலும் ரப்பர் எப்படி வறண்டு வெடிக்கும் என்பதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, குடும்பத்தலைவர் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருக்க, வண்டி மாதக்கணக்கில் உறை போர்த்தியபடி முற்றத்திலேயே நிற்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். ஓடாத வண்டி தேயாது என்று அவ்வீட்டார் நம்புகிறார்கள். நின்ற இடத்திலேயே ரப்பர் முதுமையடைகிறது. அவர் விடுமுறையில் வந்து, உறையை நீக்கி, எண்ணெய் பார்த்து, நேரே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் உறவினர் வீடுகளுக்குமாக வண்டியை விரட்டும்போது, எவரும் குனிந்து பார்த்திராத அந்த உறை முதல் மழையிலேயே கைவிட்டுவிடுகிறது.

எவரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1938 பிப்ரவரி 20-ஆம் நாள், நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அந்தச் சமஸ்தானம் லண்டன் போக்குவரத்துத் துறையில் அனுபவம் பெற்ற சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் அரசுப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கிய நாள்தொட்டு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் நாம் தமிழகத்தோடு இணைந்து, பின்னர் அந்த இணைப்புக்காகப் போராடிய நேசமணியாரின் பெயரால் நமக்கென ஒரு போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட காலத்தினூடாக, இன்றுவரையிலும், பொதுமக்களைச் சுமக்கும் பேருந்து பணிமனைக்குத் திரும்பிவந்து தொழில்நுட்பப் பணியாளர் கண்ணில் பட்டுத்தான் மீண்டும் புறப்பட வேண்டும் என்பது ஓர் ஒழுங்கு. நாகர்கோவில் ராணித்தோட்டத்துப் பணிமனையைக் கடந்து செல்லும்போதெல்லாம் இந்த ஒழுங்கின்மீது எனக்கு ஒரு மரியாதை தோன்றும். நம் சொந்தக் காருக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. பதிவு செய்த நாள் முதல் 15 ஆண்டுகளுக்கு அதன் தகுதியைக் கட்டாயமாகச் சோதிக்கும் அதிகாரி இல்லை; அதன்பின் பதிவைப் புதுப்பிக்கும்போதும், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஆய்வாளர் பார்ப்பார். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த வண்டிக்குச் சோதனை அதிகாரி நீங்கள் ஒருவரே. பிரேக்கோ ஸ்டீயரிங்கோ கைவிட்டால் அதன் பலனை வண்டியில் இருப்பவர்கள் மட்டும் அனுபவிப்பதில்லை. கோட்டாற்றுக் கடைவீதியில் கூடையோடு சாலையைக் கடப்பவரும், பள்ளிவிட்டு ஓரமாக நடந்துவரும் குழந்தைகளும் அனுபவிக்கிறார்கள். அவர்கள் எவரும் உங்கள் முற்றத்து வேலையை மேற்பார்வை செய்தவர்கள் அல்லர்.

தேய்ந்த மூட்டு தன்னை மறைத்துக்கொள்வதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் டொக் டொக் என்று ஒரு சப்தம். நேரான சாலையிலும் வண்டி மெல்ல ஒருபுறம் அலைவது. வளையத்தைச் சிறிது திருப்பியும் சக்கரம் அசையாமல் நிற்கும் அந்த வெற்று இடைவெளி. டயரின் ஒரு விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கடிகாரத்தின் 3-ஆம் 9-ஆம் எண்களின் ஸ்தானத்தில் இரு கைகளாலும் பற்றி, உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்து, 12-ஆம் 6-ஆம் எண்களின் ஸ்தானத்தில் தெரியாவிட்டால், குற்றம் பெரும்பாலும் டை ராட்டிலோ அதன் எண்டிலோதான். இரண்டு திசையிலும் ஆடினால் வீல் பேரிங்கையும் கீழ் பால் ஜாயிண்டையும் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்தை அசைக்க, மற்றவர் எண்டின்மீது விரலை வைத்திருந்தால், ஆட்டம் அங்கேதான் பிறக்கிறதா, ராக்கின் உறைக்குள் இருக்கும் உள்மூட்டிலா என்பது விரலுக்கே பிரத்தியட்சமாகும். உள்மூட்டு தேய்ந்திருக்க வெளிமூட்டை மாற்றிப் பயனில்லை. அது வேறு வேலை, அதற்கு வேறு கருவிகளும் வேண்டும்.

வண்டியை நிறுத்திவைக்கும் விஷயத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்று என்னை அச்சுறுத்துகிறது. ஜாக்கியால் தூக்கிய வண்டியின் அடியில், கைக்கு எட்டிய வெட்டுக்கல்லையும் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கிவிட்டு உள்ளே நுழைகிறீர்கள். சுவரில் அமர்ந்து பரவலான பாரத்தைத் தாங்குவதற்கென்று செய்த கல், ஒரு முனையில் குவியும் பாரத்தை ஏற்கும்போது முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். மழையில் ஊறிய செம்மண் முற்றத்தில் ஜாக்கியின் அடி ஒருபுறமாக அமிழ்ந்துவிடும். கெட்டித் தரையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஜாக்கிக்கு அடியில் தடித்த அயினிப் பலகை ஒன்றைப் போடுங்கள். பாரம் முழுவதையும் இரும்பு ஸ்டாண்டில் இறக்குங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம். இதில் எனக்குத் தயவுதாட்சிண்யம் இல்லை.

சக்கரத்தைக் கழற்றியபின், கைபேசிக் காட்சிகளில் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் ஒரு கட்டத்தில் நீங்கள் நிற்க வேண்டும். எண்டு, டை ராட்டின் மரையில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ, அந்த அளவே அந்தச் சக்கரம் பார்க்கும் திசையை நிர்ணயிக்கிறது. ஆகவே எதையும் அசைக்குமுன், மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, எண்டைப் பூட்டி நிறுத்தும் லாக் நட் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு இட்டு, மூட்டின் நடுவிலிருந்து ஒரு நிலையான புள்ளி வரை அளந்தும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் லாக் நட்டைச் சற்று மட்டும் தளர்த்துங்கள். சில வண்டிகளில் ஒரு பக்கத்து மரை இடம்புரியாக இருக்கும், ஆகையால் பலத்தைப் பிரயோகிக்குமுன் எந்தப் பக்கம் தளர்கிறது என்பதைத் தெளிந்துகொள்ளுங்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றினீர்களோ, புதியதை அத்தனை சுற்றே ஏற்ற வேண்டும்.

ஒரு சுற்று பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றும், சக்கரத்தைத் திருப்பும் கரத்தின் நீளம் 120 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஒரு சுற்றுப் பிசகில் சக்கரத்தின் திசை ஏறத்தாழ 0.7 பாகை மாறிவிடும். நேரான சாலையில் அந்தப் பிசகை இரு சக்கரங்களும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அவ்வாறு பங்கிட்டபின்னும், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 6 மீட்டர் தூரம் உருளாமல் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். அந்தச் சிறு பிரயாணத்திலேயே டயர் 120 மீட்டர் தூரம் தார்மீது அராவப்பட்டுவிடுகிறது. புதிதாக வாங்கிய டயர் அற்பாயுளில் கம்பி தெரியத் தேய்வதன் சூட்சுமம் பல வீடுகளில் இதுவே.

அடுத்து, எண்டின் கூம்பான காலைச் சக்கரத்தின் கரத்திலிருந்து பிரிக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கும்படி விட்டுவிடுங்கள். கூம்பு கூம்பினுள் இறுகியிருப்பதால் அது கையால் இழுத்து வராது. இதற்கென்றே ஒரு புல்லர் உண்டு. அதைக் கொண்டு நெரித்தால் ஒரு வெடிச்சப்தத்துடன் விடுபடும். புல்லர் இல்லாதவர்கள், கரத்தின் கண் அமைந்த பக்கத்தை, அதாவது பக்கவாட்டு இரும்பை, சுத்தியலால் அளவாக ஓங்கி அடித்தால் கண் ஒரு கணம் விரிந்து கூம்பை விடுவிக்கும். காலின் மரையை நேராக அடிப்பதும், எண்ணெயும் ரப்பரும் சூழ்ந்த அவ்விடத்தில் காஸ் சுடரைக் காட்டுவதும் ஒருபோதும் கூடா. சூடேறி இளகிய ஸ்டீயரிங் கரம் பழைய பலத்தைத் திரும்பப் பெறாது.

புதியதை மாட்டும்போது, கூம்பையும் அது அமரும் கண்ணையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நல்லெண்ணம் கொண்டு அங்கே கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. அந்த இணைப்பு உலோகமும் உலோகமும் நேரே கவ்வி நிற்பதால் மட்டுமே நிலைப்பது, ஆதலால் அது வறண்டே இருக்க வேண்டும். பின்னர் நட்டை, வண்டியைச் செய்தவர் குறித்துள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இந்த நட்டின் மேல்விளிம்பில் வெட்டுகள் இருக்கின்றன. காலில் குறுக்கே ஒரு துளை இருக்கிறது. வெட்டும் துளையும் ஒரே நேரில் வந்தால்தான் ஸ்பிளிட் பின் நுழையும். உரிய அளவுக்கு முறுக்கியபின் அவை நேர்படாவிட்டால் என்ன செய்வது? அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் சற்று முறுக்குவதே முறை. நேர்படுத்துவதற்காகப் பின்னோக்கித் தளர்த்துகிறவர், இவ்வளவு நேரம் பார்த்த வேலையை அந்தக் கால் சுற்றிலே இழந்துவிடுகிறார்.

ஸ்பிளிட் பின் சில காசுகள் பெறும் ஒரு மெல்லிய கம்பி. கழற்றிய பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் செருகுவதையும், அது முறிந்துபோனால் கட்டிட வேலைக்கு வாங்கிய கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதையும், தொலைந்துபோனால் இல்லாமலே சக்கரத்தை மாட்டிவிடுவதையும் நம் மாவட்டத்தில் பல இடங்களில் கண்டு நான் வேதனைப்பட்டிருக்கிறேன். சாலையின் ஓயாத அதிர்ச்சியில் நட் மெல்ல மெல்லத் தளருமானால், அதைத் தடுக்க அந்தக் கம்பியைத் தவிர வேறு காவல் இல்லை. நட் கழன்றால் கூம்பு விடுபடும். கூம்பு விடுபட்டால் ஒரு சக்கரம் தன் இச்சையாகத் திரும்பும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின்மீது அது நிகழ்ந்தால் ஓட்டுகிறவரின் கையில் வளையம் இருந்தும் வண்டி அவர் வசம் இராது. ஒருமுறை மடித்த கம்பி மடித்த இடத்தில் பலம் குன்றிவிடுகிறது. ஆகவே புதிய பின், சரியான கனத்தில், இரு நுனிகளும் நன்கு விரித்து மடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னுக்குப் பதிலாக நைலான் வளையம் பதித்த நட் வரும் வண்டிகளில், அந்த நட்டையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தலாகாது.

உதிரிப்பாகத்தை வாங்கும்போது மலிவைத் தேடாதீர்கள். 1929-இல் சென்னையில் மோட்டார் வணிகமாகத் தொடங்கிய ரானே நிறுவனம் பின்னர் ஸ்டீயரிங் உறுப்புகளைத் தானே செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்தது; அத்தகைய பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் சரக்கும், கார் நிறுவனத்தின் சொந்த முத்திரைச் சரக்கும் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றைப்போல அட்டைப்பெட்டி அச்சடித்த போலிகளும் வருகின்றன. பில் தரும் கடையில் வாங்குங்கள். கையில் வாங்கியதும் மூட்டை அசைத்துப் பாருங்கள்: புதியது பிடிப்போடு கனமாகத் திரும்ப வேண்டும், தளர்ந்து தொங்குமானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வயது, அதே மழை, அதே சாலையைக் கண்டதுதான். எப்படியும் சக்கரங்களின் திசையைச் சரிசெய்யும் அலைன்மெண்டுக்குச் செலவழிக்கப் போகிறீர்களாதலால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே.

அந்த அலைன்மெண்டைத்தான் உங்களிற் பலர் தவிர்க்கப் பார்க்கிறீர்கள். சுற்றுகளை எண்ணி மாட்டினேன், நூல் பிடித்துப் பார்த்தேன், வண்டி நேராகத்தான் போகிறது, பின் எதற்குக் காசு என்கிறீர்கள். நூல் பிடிப்பது நல்ல பழக்கம். வீட்டிலிருந்து அலைன்மெண்ட் கடை வரை நிதானமாக ஓட்டிச்செல்ல அது போதும். ஆனால் பழைய எண்டுக்கும் புதிய எண்டுக்கும் நீளத்தில் சிறு பேதம் இருக்கக்கூடும். பழையது தேய்ந்திருந்த காலத்தில் எவரேனும் அந்த ஆட்டத்தோடு சேர்த்தே அளவை வைத்திருக்கவும்கூடும். வண்டி நேராகப் போனாலும் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று எதிர்த்து உரசிக்கொண்டே போகலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கருவி வைத்து அளக்கும் கடைகள் உள்ளன. அங்கே போகும்போது, நீங்களே எண்டு மாற்றியதை மறைக்காமல் சொல்லி, லாக் நட்டை அவர் இறுக்குவதை அருகே நின்று பாருங்கள். அளவு சரிசெய்தபின் லாக் நட்டை முழுதாக முறுக்காமல் விடும் மறதி அவசரமான கடைகளில் நேர்வதுண்டு.

அதன்பின் வழக்கமான உங்கள் பாதையில் ஒரு வார காலம் ஓட்டிவிட்டு, வண்டியை மறுபடியும் முற்றத்தில் நிறுத்தி, டார்ச் விளக்கோடு ஒருமுறை கீழே பாருங்கள். பின்னின் இரு நுனிகளும் நீங்கள் மடித்தபடி இருக்கின்றனவா, லாக் நட் தளராமல் நிற்கிறதா, ரப்பர் உறை எங்கும் நசுங்கவோ கிழியவோ இல்லையா என்பவற்றைக் கவனியுங்கள். வெளிநாடு செல்லும் அன்பர்கள், வீட்டில் வண்டியை ஓட்டப்போகும் மனைவிக்கோ தம்பிக்கோ தங்கைக்கோ சாவியைக் கொடுக்கும்போது, இந்த மூன்று இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் தொடங்குமுன்னும் அவர்களே குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
நாகர்கோவில் அன்பன்